நின்றுபோன கப்பல்

ஆன்லைன் விண்வெளி விளையாட்டில் இரண்டு அணிகள் ஒரு கோளுக்காக மோதினால் நான்தான் நடுவர். திண்டுக்கல்லில் என் வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்வேன். அசையாமல் நின்ற கப்பல் தோற்ற கப்பல். விதியென்றால் விதிதான் எனக்கு.

அன்று இறுதிப் போரில் வேடசந்தூர் அணித் தலைவரின் கப்பல் பாதியில் நின்றுவிட்டது. ஒட்டன்சத்திரம் அணி வென்றதாக அறிவிக்க மைக்கை ஆன் செய்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. அவருக்குக் கரண்ட் போயிருக்குமுங்க" என்றார் ஒட்டன்சத்திரம் அணித் தலைவி. தன் கப்பல்களை அந்தக் கப்பலைச் சுற்றி நிறுத்தி, விண்கற்கள் மோதாமல் காத்தார். நானும் தீர்ப்பை நிறுத்திவைத்தேன்.

மின்சாரம் வந்தது. "இன்னுமா நான் உசுரோட இருக்கேன்?" என்றார் வேடசந்தூர்க்காரர்.

மறுபடி மோதினார்கள். வேடசந்தூர் வென்றது.

"இப்பச் சொல்லுங்க உங்க தீர்ப்ப" என்றார் தலைவி. குரலில் சிரிப்பு இருந்தது.

எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியிருக்கிறேன். தோற்றவர் ஆசையாய்க் கேட்டு வாங்கியது அந்த ஒன்றைத்தான்.