மதினியின் சுத்தமும் பேரிக்காய்த் தொட்டியும்

என் மதினி கொலெத் துடைக்காமல் விட்ட பொருள் உலகத்தில் கிடையாது. கோழிக்கூட்டுக்கே பிளீச் போடுகிறவள். அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஈ வந்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும்.

அந்தச் சுத்தம்தான் அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எங்கள் தோட்டத்தில் பறித்த பேரிக்காயில் ஒன்றின் காம்பு இன்னொன்றைக் குத்தும். குத்துப்பட்ட இடத்தில் சாம்பல் பூஞ்சணம் இறங்கி, குளிர் அறையில் பெட்டி பெட்டியாக அழுகும். அதைத் தடுக்க ஒரு நல்ல ஈஸ்ட் வந்தது. தூளைத் தொட்டித் தண்ணீரில் கலந்து பழத்தின் மேல் ஊற்றினால், காயத்தில் அது முதலில் குடியேறிவிடும், பூஞ்சணத்துக்கு இடமிருக்காது. எங்கள் ஊரான சிந்த்-த்ரோய்டனில், எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக மதினிதான் வாங்கினாள். பிப்ரவரியில் அறையைத் திறந்தால் பாதிப் பழம் அழுகல்!

கூட்டுறவுக் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வில்லெம் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அடுத்த வருஷமும் இப்படின்னா உங்க பழத்துக்கு இங்க இடமில்ல, கொலெத். சொல்லிட்டேன்."

இடம் போனால் மொத்த விளைச்சலும் செப்டம்பரிலேயே சாறு பிழிகிறவனுக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாஃபிளுக்கு மாவு பிசைந்து வைத்தாள். இரண்டு மணி நேரமாகியும் பொங்கவில்லை.

"என்ன மதினி, மாவும் உங்களுக்குப் பயந்து படுத்துருச்சா?"

"சும்மா இருங்க கொழுந்தனாரே! பாத்திரத்துல பிளீச் ஊத்தி வச்சிருந்தேன், சரியா அலசல போல. ஈஸ்ட் செத்து..." பேச்சு நின்றது. "ஐயையோ! பழத்தொட்டி! அதையும் நான்தானே பிளீச் போட்டுத் தேய்ச்சேன்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாவுக் கரண்டியாலேயே ஒன்று வைத்தாள்.

அந்த வருஷ அறுவடையில் தொட்டியை வெறும் தண்ணீரில்தான் அலசினாள். அடியில் படிந்த பழுப்புக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரக்கும். பிளீச் பாட்டிலை என்னிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் குடுத்துராதீங்க" என்றாள். மூன்று தடவை கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் வில்லெம் கதவைத் திறந்தான். பெட்டி பெட்டியாகக் கையை விட்டுக் கிளறினான். அத்தனையிலும் ஒரு வாளி அழுகல்கூடத் தேறவில்லை. ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் இதே அறை உங்களுக்குத்தான்" என்றான்.

மதினி அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். பதறிப்போன வில்லெம், கை துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன துணியை இடுப்பிலிருந்து உருவி நீட்டினான். போச்சுடா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மதினி அதை வாங்கி முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.