திரிகால மணி அடித்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன்

இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு தொழிலுக்குப் போனவன் நான். ஆனாலும் எழுத்துப் பிழைக்குப் பயந்து தயங்கவில்லை. எங்கள் கோயில் பங்கில் இந்தச் சம்பவத்தை இப்போது மாதா செய்த புதுமையாக, அற்புதமாகச் சொல்லுகிறார்கள். அதில் என் பெயரும் நல்ல விதமாக வருகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

1. என் வேலை

குருநகரில் மீன்பிடித் தொழில் செய்தேன். ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் பங்கின் இளையோர் முகாம் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சின்னக் கோயில் வளவில் ஐந்து நாள் நடக்கும். அதில் பதினொரு வருடம் கடல்காவல் என் பொறுப்பு.

பிள்ளைகள் குளிக்கும் இடத்தைச் சுற்றி மிதப்புக் கட்டிய கயிறு போடுவேன். கயிற்றுக்கு வெளியே நங்கூரம் போட்டுப் படகில் இருப்பேன். கரையில், பிள்ளைகளை வழிநடத்தும் அனிமேட்டர் யூட் விசிலோடு நிற்பான். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் பிள்ளைகள் சோடி சோடியாகக் கை கோத்து உயர்த்த வேண்டும். அவன் கரையிலிருந்து எண்ணுவான், நான் படகிலிருந்து எண்ணுவேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்த மாதத்தில் வடகரையில் சோளகக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். ஆனால் மிதக்கிற எதையும் வெளியே கொண்டுபோய்விடும். கரையில் கத்தினால் படகில் நன்றாகக் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாலாம் நாள்

காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளைச் செபத்துக்கு அடிப்பது திரிகால மணி. மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோயிலில் அது அடித்தது. சின்ன வயதிலிருந்து அந்த மணிக்கு நான் எந்த வேலையையும் நிறுத்தி மாதாவை நினைப்பேன். நடுக்கடலில் என்றாலும் இயந்திரத்தை நிறுத்துவேன். அன்றும் தொப்பியைக் கழற்றி, எழுந்து நின்று, கண்ணை மூடினேன்.

பாதிச் செபத்தில் யூட்டின் குரல் வந்தது.

“அன்ரன் அண்ணை, உங்கடை பக்கம் பாருங்கோ. ரியூப் ஒண்டு போகுது.”

எனக்குக் கேட்டது. கடைசிப் பகுதிதானே, முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். முடித்து, சிலுவை போட்டுக் கண்ணைத் திறந்தால், பிள்ளைகள் பிடித்து மிதக்கிற ஒரு லொறிச் சக்கர ரியூப் கயிற்றைத் தாண்டித் தனியே சுழன்றுகொண்டு போனது. அதில் ஆள் இல்லை.

குதித்தேன். இரண்டாம் முறை முக்குளித்தபோதுதான் கையில் தலைமயிர் பட்டது. கெவின், பதின்மூன்று வயது. நான் மேலே கொண்டுவர, அதற்குள் நீந்தி வந்துவிட்ட யூட் படகில் ஏறி அவனை இழுத்துப் போட்டான். கொஞ்ச நேரம் மூச்சு இல்லை. யூட் தான் பழகியபடி நெஞ்சை அமத்தினான். பிறகு கெவின் தண்ணீர் கக்கினான். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான்.

3. முதல் கூட்டம்

பங்குச் சபை கூடியது. கரையில் நின்றவன் என்ன செய்தான் என்று யூட்டைத்தான் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “நான் கத்தினது அண்ணைக்குக் கேக்கேல்லைப் போல” என்றான்.

அந்த மண்டபத்தில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். சோளகத்தில் கரைச் சத்தம் கேட்காமல் போகாது என்று அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. முகாமை நிறுத்தி வைத்தார்கள். யூட் இளையோர் மன்றத்தை விட்டான், பிறகு பூசைக்கு வருவதையும் விட்டான். கொக்குவிலில் ஒரு ஃபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்தக் காலத்தில்தான் புதுமைக் கதை பிறந்தது. திரிகால மணி அடித்த அதே நேரம் மாதா பிள்ளையை என் கையில் தந்தாராம்.

இரண்டு வருடம் கழித்து, தவக்காலத்தில் வேறொரு பங்கில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாம் கேட்ட ஃபாதர் ஒன்றுதான் கேட்டார். “யூட்டிட்டைச் சொன்னனீரோ?”

4. கொக்குவில்

கடையில் சனம் குறையும்வரை வெளியே நின்றேன். சொன்னேன். யூட் ஒரு ஃபோனைத் துடைத்துக்கொண்டே, “எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் தொப்பியைக் கழட்டிக் கண்ணை மூடினதைக் கண்டனான்” என்றான்.

“அப்ப ஏனடா சபையிலை சொல்லேல்லை?”

“செபம் சொன்ன மனுசனை எப்பிடியண்ணை குற்றம் சொல்லுறது?”

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு முகாமை நிரந்தரமாக மூடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டம் இருந்தது. அதற்குக் கட்டாயம் வரச் சொன்னேன். வந்தான்.

5. முடிவு

முகாமுக்குப் பதிலாக மண்டபத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு வைக்கலாம், பிள்ளைகளுக்கு ரியூசனும் தவறாது என்று பலரும் கதைத்தார்கள். வாக்கெடுக்கப் போன நேரம் நான் எழும்பினேன். கேட்டும் பார்க்காமல் இருந்ததை, ஒரு சொல்லும் மறைக்காமல் சொன்னேன். கடல் பிழை செய்யவில்லை, யூட்டும் பிழை செய்யவில்லை, என் பிழைக்கு முகாமை மூடாதேயுங்கோ என்றேன்.

கெவினின் தாய் பின்வரிசையில் இருந்தார். அவர் எழும்பினார்.

“என்ரை பிள்ளை இப்ப தேப்பன்ரை படகிலை ஏறுறானில்லை. கடல்காரன்ரை பிள்ளை. முகாமையும் மூடினா அவன் ஆரோடை திரும்ப இறங்கிறது?” பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ணைத் திறந்துகொண்டு செபிக்கேலாதோ அண்ணை? மாதா கோவிப்பாவோ?” என்றார்.

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வருவதில்லை.

முகாம் தொடர வேண்டும் என்று முடிவானது. பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது மணி அடிப்பதில்லை. கரையேறி எண்ணி முடிந்த பிறகுதான் அடிக்கும், அது பன்னிரண்டு தாண்டினாலும் சரி. கடலுக்கு முழுப் பொறுப்பு யூட். அவன் விருப்பப்பட்டால் என்னையும் வைத்திருக்கலாம் என்றார்கள். வைத்திருக்கிறான். நான் அவனுடைய விசிலுக்குக் கீழே வேலை செய்கிறேன். முதல் வருடம் கெவின் முழங்கால் தண்ணீர்மட்டும் வந்தான். அடுத்த வருடம் இடுப்பளவு.

நான் படித்தது இதுதான். ஒரு பிள்ளை உன் காவலில் இருக்கும் நேரம், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆண்டவர் உன்னிடம் கேட்கிற செபம்.

நான் கூட்டத்தில் சொன்ன பிறகும் புதுமைக் கதை நிற்கவில்லை, என் பிழைதான் அதில் விடுபட்டுப் போகிறது. மாதா அன்று எங்களைக் கைவிடவில்லை என்று நானும் விசுவசிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது எழுதியபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். யூட் கத்தினான், எனக்குக் கேட்டது, நான் பார்க்கவில்லை. புதுமையைச் சொல்கிறவர்கள் இந்த மூன்றையும் விடாமல் சொல்லுங்கள்.