முட்டியைத் தொடாத நாற்று

ஒன்று முதிர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? நாளை எண்ணியா, உயரத்தை அளந்தா? முத்தியால்பேட்டை குஞ்சம்மாளின் வாழ்க்கை இரண்டு வருடம் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவள் தத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் உயரம் நாலரை அடி. நாற்பது வயதிலும் பஸ் கண்டக்டர்கள் முதுகைப் பார்த்து, "தள்ளிப் போ பாப்பா" என்பார்கள். ஆகவே இதில் அவளுக்குச் சொந்த அபிப்பிராயம் இருந்திருக்கலாம்.

கணவன் பக்கிரிக்கு மில்லில் வேலை. தவளக்குப்பத்தில் அவளுடைய அப்பா எழுதிவைத்த அரைக்காணி நஞ்சையைப் பார்த்துக்கொண்டது அவள்தான், பஸ்ஸில் போய் வந்து. எட்டு மூட்டை நெல் வரும். வீட்டில் ஐந்து வயிறு. ஆடி பிறப்பதற்குள் குதிர் காலியாகி, ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டிவரும்.

1972இல், விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசாங்க கிராமசேவக் ஜானகிராமன் ஐ.ஆர். எட்டு என்ற புது நெல் விதை கொடுத்தார். குட்டை ரகம், இரட்டிப்பு மகசூல், இருபத்தைந்தாம் நாள் பறித்து நட்டுவிட வேண்டும் என்றார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்தப் பக்கத்தில் பறிக்கும் நாளைக் குறிப்பது காலண்டர் அல்ல, ஆயம்மாவின் முட்டி. நடவுப் பெண்களுக்குத் தலைவி அவள். நாற்றங்காலில் இறங்கி நிற்பாள். நாற்று முட்டியைத் தொட்டால் பறிப்பு, இல்லையென்றால் வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

இருபத்தைந்தாம் நாள் இறங்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, பால்குடி மறக்காத புள்ளைய ஆத்தாகிட்டேர்ந்து புடுங்கச் சொல்றே?"

"என் முட்டிக்கு வந்துடும் போலருக்கே அக்கா."

"உன் முட்டி எங்கடி இருக்குது? தரையிலதானே இருக்குது!"

பெண்கள் சிரித்தார்கள். குஞ்சம்மாளும் சிரித்துவிட்டாள். தவறு அங்கேதான் நடந்தது. வளரவே போகாத ஒன்று வளரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஐம்பதாம் நாளிலும் நாற்று கெண்டைக்காலைத் தாண்டவில்லை. "இது சவலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆயம்மா பறித்தாள். நட்ட பயிர் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டுவதற்குள்ளேயே கதிரைத் தள்ளியது. ஐந்து மூட்டை.

மறுவருடம் பக்கிரியின் மில் கதவை அடைத்துவிட்டார்கள். சம்பளம் நின்றது. இனி வயல் கொடுத்தால்தான் சோறு. பழைய சம்பாவையே போடு என்றான் பக்கிரி. அதன் எட்டு மூட்டை ஆடி வரைக்கும் வரும். ஆடிக்கு மேல் ரேஷன் வாங்கவும் கையில் எதுவும் இருக்காது. குஞ்சம்மாள் மறுபடியும் குட்டை நெல்லையே விதைத்தாள். அன்றிலிருந்து நாள்காட்டித் தாளைத் தினம் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இருபத்தைந்து தாள் சேர்ந்ததும் ஆயம்மா முன்னால் பிரித்து வைத்தாள்.

"காகிதத்த நட முடியுமாடி?" என்றாள் ஆயம்மா. "பச்சப் புள்ளைய நான் தொட மாட்டேன். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" மற்றப் பெண்களையும் வரப்பில் உட்காரவைத்துவிட்டாள்.

குஞ்சம்மாள் தானே பறித்தாள். வேலையில்லாத பக்கிரியைச் சேற்றில் இறக்கினாள். அவனுக்கு இயந்திரத்தில் நூல் அறுந்தால் கண்ணிமைப்பதற்குள் முடிச்சுப் போடத் தெரியும்; நாற்றின் தலை எது, வேர் எது என்றே சந்தேகம்.

"எவ்வளவு ஆழத்துக்கு அழுத்தணும்?"

"அதுக்கு மூச்சு முட்டாத அளவுக்கு!"

அவன் மணிக்கட்டு வரை அழுத்தினான். நான்கு நாற்று நட்டால் இரண்டுதான் வெளியே தெரிந்தது. வரப்பில் முதலில் சிரிப்பு, பிறகு முணுமுணுப்பு. ஏழெட்டு வரிசை போனதும் ஆயம்மாவால் பொறுக்க முடியவில்லை. புடவையை வரிந்து செருகிக்கொண்டாள்.

"யோவ் மில்லுக்காரு, எழுந்திரிய்யா! நடச் சொன்னா பொதைக்கிறியே! புள்ளைய உசிரோட பொதைக்கிற பாவத்த என்னால பாத்துக்கினு இருக்க முடியாது."

பின்னாலேயே எல்லோரும் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அரைக்காணியும் நட்டு முடிந்தது, விரல்நுனி ஆழத்தில், ஆயம்மா கைப்பதத்தில்.

பதினேழு மூட்டை கண்டது. அந்த நெல்லைப் புகழ்ந்து தள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. சோறு தடிப்பு, ஆறினால் விறைப்பு. வைக்கோல் குட்டை, வாங்க வந்த மாட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். உரம் போடவில்லையென்றால் கோபித்துக்கொள்ளும் ஜாதி அது. "இதத் தின்னா கல்லு ஒடைக்கலாம்" என்று பக்கிரி தினமும் சொன்னான். தினமும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். அந்த வருடம் ஆடி வந்தது, போனது. குதிர் அடி தெரியவில்லை. மில் திறக்கும்வரை ஐந்து பேரும் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அதைக் குறை சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த நடவுக்கு முன்னால் ஜானகிராமன் பச்சை வண்ணம் பூசிய தகரப் பலகை ஒன்றோடு வந்தார். சாலையோரம் வயலில் நடப்போகும் பலகை. மாதிரி விவசாயியின் பெயர் எழுத ஒரு வரி காலியாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் படிக்கலாம். தூரிகையை நனைத்துக்கொண்டு, "முழுப்பேரச் சொல்லும்மா" என்றார்.

பக்கிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். குஞ்சம்மாள் நாற்றங்காலைப் பார்த்தாள். அங்கே ஆயம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆயம்மான்னு எழுதுங்க சார்."

"நெலம் உன்னுதுதானேம்மா?"

"என்னுதுதான்."

பலகை வயலில் ஒன்பது வருடம் நின்றது. பக்கிரி அந்த ஒன்பது வருடமும் காரணம் கேட்டான். அவள், இருபத்தைந்தாம் நாளே நாற்றங்காலில் இறங்கி நிற்கும் ஆயம்மாவைக் கைகாட்டுவாள்.