வாசலை மறித்த குடங்கள்

விளாங்குடியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வரிசையில் பெண்கள் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். விடியும்போதே குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவோம். யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

லாரி நிற்கும் இடம் தெருமுனை. குடியிருப்போர் சங்கத் தலைவரின் வீடும் அங்கேதான். போன கோடையில் ஒரு நாள் வரிசை அவர் வாசலைக் கடந்து நின்றது. அவர் ஹாரன் அடித்தார். நாங்கள் ஓடி வருவதற்குள் காரைப் பின்னால் எடுத்தார். ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடங்கள் நசுங்கிக் கிழிந்தன. இறங்கிவந்து முதலில் டயரைப் பார்த்தார்.

“வெறும் குடம்தானேம்மா. ஆளு மேலயா ஏத்திட்டேன்?”

நசுங்கியதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று, பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்பவளுடையது. முந்தின நாள்தான் அவள் மகள் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். வாக்குவாதத்துக்கு நடுவே லாரி வந்தது. அவள் மாற்றுக் குடம் தேடி எடுத்து வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தையின் துணிகளைக் கேன் தண்ணீரில் அலசினாள்.

“அவரு எங்கிட்ட வந்து கெஞ்சி நிக்கணும்க்கா. நான் மாட்டேன்னு சொல்லணும்,” என்றாள்.

உடைந்த குடங்களை அவள் மொட்டைமாடியில் அடுக்கினோம். நான் நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தவள். எதையும் உடனே தூக்கிப் போடும் பழக்கம் எனக்கில்லை.

மழைக்காலத்தில் மாநகராட்சி தெருக்களுக்குள் ஒரு போட்டி வைத்தது. வீடுகளில் உடைந்து கிடப்பதைச் சரிசெய்து, அழகுபடுத்திப் பொதுவில் வைக்க வேண்டும். தலைவர் கூட்டம் போட்டார்.

“எல்லாத்தையும் என் வீட்டு வாசல்ல வைங்க. போட்டோவுல சங்கத்து போர்டு தெரியணும்.”

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

கால் போன நாற்காலியை ஒரு வீட்டார் ஊஞ்சலாக்கினார்கள். இன்னொரு வீட்டில் மின்விசிறி இறக்கைகள் பெரிய பூவாயின. நாங்கள் குடங்களை எடுத்தோம். அவள் அடுப்பில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, பச்சைக் குடத்தின் கிழிசலுக்கு நீலத் துண்டு, நீலத்துக்கு ஆரஞ்சு என்று உருக்கி ஒட்டினாள். துணிக்கு ஒட்டுப் போடுவது போலவே ஓரம் நேராக வந்தது. டயர் தடம் பதிந்த இடத்தை மட்டும் அவள் தொடவில்லை. வாயை அகலமாக அறுத்து, அடியில் ஜல்லி, மேலே ஈரமண், அதில் அரளிக் கன்றுகள். அன்று நின்ற அதே வரிசையில், தலைவர் வீட்டு வாசலுக்குக் குறுக்கே வைத்தோம். சாயாமலிருக்கக் கழுத்துகளைக் கட்டுக்கம்பியால் பிணைத்து, இரு பக்கத் தூண்களிலும் முறுக்கினேன்.

மாலையில் பார்க்க வந்த அதிகாரி, “நாளைக்கு நடுவருங்க வாராங்க, எதையும் நகத்தாதீங்க,” என்றார். தலைவர்தான் முதலில் கைதட்டினார். கார் உள்ளே இருந்தது.

மறுநாள் காலை திருப்பரங்குன்றத்தில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு போயாக வேண்டும். அழைப்பிதழ் எங்களுக்கும் வந்திருந்தது.

விடியலில் பட்டு வேட்டியோடு ஒரு குடத்தைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“ஏம்மா, இந்தக் கம்பியக் கொஞ்சம் அவுத்து விடு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

கோலம் போட்டுக்கொண்டிருந்த தையல்காரி நிமிரவில்லை. “வெறும் குடம்தானே அண்ணே. ஆளா நிக்குது? ஏத்திட்டுப் போங்க.”

“அன்னைக்குத் தெரியாம நடந்துபோச்சும்மா.”

“ஹாரன் அடிச்சிட்டுத்தானே ஏத்துனீங்க?”

அவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க.”

“நகத்தக் கூடாதுன்னதும் நீங்கதானே முதல்ல கைதட்டுனீங்க?” என்றேன்.

சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கத் திண்டுக்கல் சாலைக்கு நடந்தார். பின்னால் அவர் மனைவி, இரண்டு கையிலும் தட்டு. எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: “மாப்ள, இங்க வந்து பாரு! தாய்மாமன் நடந்தே போறாரு!”

அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, தாய்மாமன் கட்ட வேண்டிய நெற்றிப்பட்டத்தைப் பெண்ணுக்குக் கட்டி முடித்திருந்தார்களாம். ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் கட்டியிருக்கிறார். கேட்டபோது இரக்கம் வருமென்று நினைத்தேன். வரவில்லை.

பரிசு வேறு தெருவுக்குப் போனது. நடுவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் அன்று மதியமே கம்பியை அறுத்து, குடங்களைச் சுவரோரமாக நகர்த்திவிட்டோம். இப்போதும் லாரி வரும் நாளில் வரிசை அவர் வாசலைக் கடக்கிறது. காருக்குள் உட்கார்ந்து காத்திருக்கிறார், ஹாரன் அடிப்பதில்லை. அவள் குடம் நிறைந்த பிறகும் எடுக்காமல், கழுத்தைத் துடைத்து, சும்மாட்டை உதறி, மறுபடி சுருட்டுகிறாள். அடுத்த குடம் என்னுடையது. நானும் அவசரப்படுத்துவதில்லை.