சோம்பு லா, சீரகம் இல்ல

இன்று காலை புக்கிட் காத்தில் வட்டார மளிகைக் கடையொன்றில் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடியே தன் மகளிடம் சொன்னார். ஒன்றாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை.

“பாப்பா, உள்ள போயி சோம்பு, கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், மிளகாத்தூள், முட்டை எடுத்துட்டு வா. சோம்பு லா, சீரகம் இல்ல.”

பிள்ளை எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நடந்தது. பாதி வழியில் அப்பாவின் குரல் துரத்தியது.

“சிலிப்பர ஒழுங்கா போட்டு நட.”

முணுமுணுப்பு நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது அதன் கையில் சீரகமும் முட்டையும் மட்டும் இருந்தன.

“வேணாம்னு சொன்னத தூக்கிட்டு வருது பாருங்க. மண்டையில ஒண்ணும் நிக்காது. சரியான போடோ, மக்கு,” என்று கல்லாவில் நின்றவர்களிடம் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். பிள்ளை தன் சிலிப்பரையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணே, இந்த வயசுல ஒரே நேரத்துல ரெண்டு மூணு விசயந்தான் மனசுல நிக்கும். வளர வளரத்தான் கூடும். நடுவுல கூப்பிட்டா அதுவும் போயிரும்.”

“எங்க காலத்துல பத்து சாமான் சொன்னாலும் எடுத்துட்டு வருவோம்க்கா.”

“சரி, இப்ப என்னென்ன சொன்னீங்க?”

“சோம்பு, கறிவேப்பிலை...” என்று தொடங்கினார். அதற்குமேல் வராமல் கைப்பேசியில் மனைவி அனுப்பிய பட்டியலைத் தேடினார்.

ஏழு வயது மண்டைக்கு அவர் பெயர் வைத்துவிட்டார். நாற்பது வயது மண்டைக்கு நீங்கள் ஒன்று சொல்லுங்கள்.