மாமியின் அஸ்பராகஸ்

நேற்று பேசாலைக் கோயிலில் நடந்த கலியாணத்தில் மணப்பெண்ணின் பூச்செண்டிலிருந்து அஸ்பராகஸ் இலையின் ஈரப்பச்சை மணம் வந்தது. உடனே நான் ஓலைத்தொடுவாயில் எங்கள் பழைய கிணற்றடிக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே மணல் மட்டும்தான். அன்று முருங்கை நிழலில், ஒரு தகரப் பால்மா ரின்னில், பஞ்சுபோன்ற அந்தச் செடியை அப்பாவின் தங்கச்சி, என் மாமி, வளர்த்தா. கடற்காற்றின் உப்பு படியுமென்று பின்னேரங்களில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவி, மஞ்சளான தண்டுகளை நகத்தால் கிள்ளி, மெதுவாகப் பாடிக்கொண்டே இருப்பா.

சண்டை வந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய விடியலில், "பாரம் கூடிப்போச்சு, ரின்னை விட்டிட்டு வாங்கோ" என்று வள்ளத்து ஓட்டி சத்தம்போட்டார். மாமி ரின்னைக் கவிழ்த்து, கிழங்குகளோடு வேரை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டா.

நடுக்கடலில் வெயில் ஏறித் துணி காய்ந்தது. மாமி துணியைத் தடவிக்கொண்டே இருந்தா. அதைப் பார்த்த ஓட்டி எல்லாருக்கும் வைத்திருந்த குடிதண்ணீர்க் கானை நீட்டினார்.

"இதால நனையுங்கோ அக்கா."

அன்று வள்ளத்தில் எல்லாரும் ஒரு மிடறு குறைவாகக் குடித்தோம். அங்கே அகதி முகாமில் இரண்டாம் மாதம் அந்தக் கிழங்கிலிருந்து ஒரு பச்சை முளை வந்தது.