கோல் காக்க எடுத்த மாப்பிள்ளை

வேலணை வீதியில் சொந்தமாக மினிபஸ் ஓட்டுகிற ஜெகதீஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. பூவரசடித் தரிப்பில் ஐயாத்துரை தனியாக நின்றால் அந்த பஸ் நிற்காது. நாலு பேரோடு நின்றால் நிற்கும். ஆனால் அவர் படியில் கால் வைக்க முன்னமே வெளிக்கிட்டுவிடும். வயதுபோன மனிசனை இப்படி அந்தரப்படுத்தலாமோ என்று கொண்டக்டர் ஒருநாள் வாயைத் திறந்தான். அன்று பின்னேரமே அவனுக்கு வேலை போயிற்று.

இவ்வளவு வன்மமும் ஒரு கோல்கீப்பரால் வந்தது.

கண்ணாவடி உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஜெகதீஸ்தான் மனேஜர். முந்திப் பதினான்கு வருடம் கோல் காத்தவரும் அவர்தான். தனக்குப் பிறகு ஆரென்று தேடித் தேடி, சஞ்சீவனைப் பிடித்து ஆளாக்கினார். கையுறை வாங்கிக் கொடுத்தார், தன் குசினியிலேயே சோறு போட்டார். அந்தச் சஞ்சீவனைத்தான் பூவரசடிக் கழகத் தலைவர் ஐயாத்துரை பெண் கொடுத்துக் கொத்திக்கொண்டு போனார்.

தீவுப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குக் குடிபோவார். எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் விளையாடலாம் என்பது லீக் சட்டம். ஐயாத்துரை தன் தமையன் மகளைச் சஞ்சீவனுக்குக் கட்டி வைத்தார். தாலி ஏறியதும் ஆளும் பூவரசடி ஆளாகிவிட்டான். அதோடு விட்டாரா மனிசன்? தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேருக்கு நடுவில், ஜெகதீஸின் காதில் விழத்தக்கதாகச் சொன்னார்:

"வீட்டையும் குடுத்தம், கோல்கீப்பரையும் எடுத்தம். கண்ணாவடியார் இனிக் கம்புக்குச் சட்டை போட்டுத்தான் நிப்பாட்ட வேணும்."

குதிரை கீழே தள்ளினதோடு குழியும் பறித்ததாம். அன்றிரவு ஜெகதீஸ் சாப்பிடவில்லை.

போட்டி தொடங்க இரண்டு மாதம் இருந்தது. கழகக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பின்வரிசையில் விளையாடுகிற யாகப்புவை நிறுத்திப் பழக்கலாம் என்றார் ஒருவர். எழுவைதீவில் நல்ல பொடியன் ஒருவன் இருக்கிறான், இங்கே ஓர் அறை எடுத்துக் கொடுத்துக் கூப்பிடலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் நல்ல யோசனைதான். ஜெகதீஸ் இரண்டையும் தட்டிவிட்டார். அவருக்கு இடம் நிரம்பினால் மட்டும் போதாது. ஐயாத்துரையின் வீட்டு ஆளால் நிரம்ப வேண்டும். அந்த மனிசன் தன் இரத்தம் கண்ணாவடிச் சட்டையோடு நிற்பதைப் பார்த்து வயிறெரிய வேண்டும்.

அதற்கு ஆளும் இருந்தான். ஐயாத்துரையின் தங்கை மகன் தேனுஜன். ஐந்து வருடம் பூவரசடிக்குக் கோல் காத்தவன், சஞ்சீவன் வந்தபிறகு மாற்று ஆட்டக்காரர் வாங்கில் குந்திக்கொண்டிருந்தான். ஜெகதீஸுக்கோ கலியாண வயதில் கம்சிகா என்று ஒரே மகள். பிரதேச செயலகத்தில் வேலை. சாதகம் பொருந்தாமல் இரண்டு இடம் தட்டிப்போய், அந்தப் பேச்சையே வெறுத்துப் போயிருந்தவள்.

தகப்பனே முன்னின்று மாப்பிள்ளை பார்த்ததில் கம்சிகாவுக்குச் சந்தோசம். தேனுஜன் நல்ல பொடியன், மரியாதையானவன். இரண்டு பேரும் தொலைபேசியில் கதைத்தார்கள், பிடித்துப் போயிற்று. மூன்று மாதம் பொறுத்து ஆறுதலாகச் செய்வோம் என்று தாய் மீனலோசனி சொன்னாள். ஏலாது என்று ஜெகதீஸ் ஒற்றைக் காலில் நின்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றார். ஆட்டக்காரர் பதிவுக்கு லீக் கொடுத்த கடைசி நாளில், பின்னேரம் ஐந்து மணியோடு பதிவு முடிகிற அந்த நாளில், காலை நேரத்தில் முகூர்த்தம் எடுப்பித்தார். ஏன் அந்த நாள் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கோயிலில் தாலி ஏறியது. ஐயாத்துரையும் வந்திருந்தார். தாய்மாமன் அல்லவா, வராமல் இருக்க ஏலுமா? ஜெகதீஸ் அவரைத் தேடிப்போய், வீட்டுப் பந்தியில் முன்னுக்கு இருத்தி, தானே பாயாசம் வார்த்தார். குடியும், ஐந்து மணிக்குப் பிறகு தெரியும் உமக்கு, என்று மனதுக்குள் சிரித்தார். அவ்வளவு ருசியான பாயாசத்தை அவர் ஆயுளில் வார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து, புதுத் தம்பதி மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போக ஆயத்தமானார்கள். போய்விட்டு மூன்றாம் நாள் சீதன வீட்டுக்குத் திரும்பி வருவது வழக்கம். மணி மூன்றரை. ஜெகதீஸ் மருமகனை அறைக்குள் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், பிறந்த திகதி, கண்ணாவடி விலாசம் எல்லாம் நிரப்பி, படமும் ஒட்டியிருந்தது. கலியாண எழுத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிய படம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தேனுஜன் பேனையை எடுக்கவில்லை, கம்சிகாவைப் பார்த்தான். கூறைச் சேலையோடு வாசலில் நின்றவள் உள்ளே வந்து படிவத்தை வாங்கி வாசித்தாள். கடைசித் திகதி வரைக்கும் வாசித்தாள்.

"இதுக்கே அப்பா இந்த நாள் எடுத்தனீங்கள்?"

ஜெகதீஸ் பேனையை எடுத்து மருமகன் பக்கம் நீட்டினார்.

"கீப்பர் வேணுமெண்டா கீப்பரைத் தேடியிருக்கலாமே. நான் இது எனக்குக் கலியாணம் எண்டெல்லோ நினைச்சனான்."

நல்ல மாப்பிள்ளைதானே பிள்ளை, உனக்கும் பிடித்ததுதானே என்று ஜெகதீஸ் ஏதோ சொல்லப் பார்த்தார். ஓம், பிடித்ததுதான் என்றாள் அவள். ஆனபடியால் அவரோடு பூவரசடியிலேயே இருக்கப் போகிறேன், மூன்றாம் நாள் வரமாட்டோம், அந்த வீட்டை நீங்களே வைத்திருங்கள் என்றாள். குரல் உயரவில்லை. படிவத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்த நேரம் ஜெகதீஸ் மகளின் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். முன் விறாந்தையில் ஐயாத்துரை வெற்றிலை போட்டுக்கொண்டு யாருடனோ சிரித்துக் கதைப்பது கேட்டது. இந்த மனிசன் இரண்டாம் தரமும் வென்றுவிட்டுப் போவதா? பின்கதவால் இறங்கி, பட்டு வேட்டியோடு பஸ்ஸில் ஏறி, லீக் செயலாளர் வீட்டுக்கு விட்டார். வழியில் யாகப்புவை மறித்தார். அவன் கலியாணக் கள்ளில் நல்ல வெறி, பேனையே பிடிக்க ஏலாது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, புதுப் படிவம் ஒன்று வாங்கி, கோல்கீப்பர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்து வைத்தார். செயலாளர் வயதைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

இடம் நிரம்பிவிட்டது. முதல் ஆட்டமே பூவரசடியோடுதான், வரட்டும், ஒரு பந்து உள்ளுக்குப் போகாது என்று வழி நெடுகத் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு திரும்பினார்.

வீட்டில் சனம் கலைந்துவிட்டது. மீனலோசனி வாழையிலைகளை அள்ளிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டார்.

"போயிட்டுதுகள்" என்றாள் அவள், நிமிராமல். "காலில விழுந்து கும்பிட்டிட்டுப் போகவெண்டு அரைமணித்தியாலம் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவள். வீடெல்லாம் தேடினது. கடைசியா ஐயாத்துரை அண்ணைதான் உங்கட இடத்தில நிண்டு திருநீறு பூசி அனுப்பினவர்."